நாவல்திட்டில் நரி முகத்தில் முழிக்கப் போனோம்

நாவல்திட்டைப் பற்றி எழுதச் சொல்லி எங்கள் ஊரப்பாக்கத்திலேயே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். பாலாற்றங்கரையில் அப்படி ஒரு சின்னச் சரணாலயம் இருப்பதே பல பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் வேடந்தாங்கல் போகிற வழியில் எட்டிப் பார்த்துவிட்டு, பறவை கம்மி என்று திரும்பிவிடுகிறார்கள். நான் போனது ஜனவரி கடைசிச் சனிக்கிழமை. ஊர் சுற்றும் ஆசையில் போகவில்லை. என் மனைவி ஸ்டெல்லாவின் அண்ணன் ஆரோக்கியசாமி, திங்கட்கிழமைக்குள் ஒரு தடவையாவது நரி முகத்தில் முழித்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அதனால் போனேன்.

திங்கட்கிழமை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். மச்சானுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. மறைமலை நகரில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர், இரண்டு வருடமாக வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ் படுக்கையில் கிடக்கிறார். ஸ்டெல்லா தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று முன்வந்தாள். எல்லாப் பரிசோதனையும் எடுத்தாயிற்று. பொருந்துகிறதா இல்லையா என்று டாக்டர் சொல்ல வேண்டியது மட்டும் பாக்கி. அதைத்தான் திங்கட்கிழமை சொல்வதாக இருந்தது.

புருஷனின் சம்மதம் வேண்டும் என்றார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். போட்ட நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. ஸ்டெல்லாவை மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைப்பதை நினைத்தால் நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். பொருந்தவில்லை என்று டாக்டர் சொல்லிவிட மாட்டாரா என்று மனசுக்குள் ஒரு மூலையில் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இனி நரி. எதிர்பாராமல் நல்லது நடந்தவனைப் பார்த்து, "இன்னா, நரி முகத்துல முழிச்சியா?" என்று கேட்பது நம் பக்கத்தில் சாதாரணம். மற்றவர்களுக்கு அது பேச்சு. மச்சானுக்கு அது சட்டம். இளவயதில், படாளத்தில் அவர் குடும்பம் கூலிக்குக் காவல் காத்த வேர்க்கடலைக் கொல்லையில் படுத்திருந்தாராம். விடிகிற நேரம் கண்ணைத் திறந்தால் எதிரே நரி. அன்று மத்தியானமே லேத் பட்டறையில் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம். அவர் கணக்குப்படி, தூங்கி எழுந்ததும் முதலில் பார்ப்பது நரியாக இருக்க வேண்டும். நடுவில் சுவரைப் பார்த்தாலும் செல்லாது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற ஆள் வேறு. "பாதர்கிட்ட மட்டும் சொல்லிடாத மாப்ள" என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்.

விடிகாலை நாலேகாலுக்கு ஊரப்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் மச்சான் வீடு இருக்கும் படாளம் கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டர். அந்த நேரத்தில் லாரிகள் வலதுபக்கத்தை விடுவதே இல்லை, இடதுபக்கம் எதிரில் வருகிறவன் விளக்கே போடுவதில்லை. செங்கல்பட்டு தாண்டி பாலாற்றுப் பாலத்தில் பனி மூட்டம் நன்றாக இருந்தது. ஸ்கூட்டரில் வருகிறவர்கள் கொஞ்சம் வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள்.

மச்சான் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. போக, வர, காத்திருக்க எழுநூறு ரூபாய் பேசியிருந்தார்கள். மச்சான் வெளியே வந்த கோலத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கண்ணை இறுக்கி ஒரு பச்சைத் துண்டு கட்டியிருந்தார். படுக்கையில் எழுந்ததும் கண்ணைத் திறக்காமலே கட்டிக்கொண்டாராம். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் காலால் தடவித் தேடினார்.

ஆட்டோ ஓட்டிய பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கண்ணாடியில் பின்னால் பார்த்தபடியே வந்தவன் ஒரு கட்டத்துக்கு மேல் தாங்காமல் கேட்டுவிட்டான்.

"இன்னா அண்ணாத்த, கண்ணு ஆபரேசனா?"

"இல்ல நைனா. நான் இன்னும் தூங்கிகினு கீறேன்" என்றார் மச்சான்.

படாளம் கூட்டுரோட்டில் இடதுபக்கம் திரும்பி பதினோரு கிலோமீட்டர். முதல் ஒன்பது கிலோமீட்டர் நல்ல தார்ச்சாலை, இரண்டு பக்கமும் நெல்லும் கரும்பும். கடைசி இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. டயாலிசிஸ் எடுத்த மறுநாள் அவர் உடம்பு கொஞ்சம் லேசாக இருக்கும், அதனால்தான் சனிக்கிழமையைப் பிடித்தோம். அப்படியும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் பல்லைக் கடித்துக்கொள்வது எனக்குத் தெரிந்தது.

ஆறு மணிக்கு வாசலைத் திறக்கிறார்கள். நுழைவுச்சீட்டு தலைக்கு இருபது ரூபாய், கேமராவுக்கு ஐம்பது. செல்போனும் கேமராதானே என்று நானாகக் கேட்டு வம்பில் மாட்டிக்கொள்ளவில்லை. சீட்டுக் கிழித்தவர் கன்னியம்மா என்கிற காவலர். சேலைமேல் காக்கிச் சட்டை போட்டிருந்தார்.

"கண்ணு தெரியாதவர இட்டுகினு வந்து இன்னா சார் காட்டப் போறீங்க?" என்றார் என்னிடம்.

மச்சான் முந்திக்கொண்டார். "கண்ணு நல்லா தெரியும்மா. மொதல்ல நரியப் பாக்கணும். அதுக்குத்தான் கட்டிகினு வந்தேன். நரி கீதா உள்ள?"

கன்னியம்மா சீட்டைக் கிழிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "கீது" என்றார். "ஆத்தோரம் தட்டி கட்டி வெச்சிருப்பாங்க. அங்க குந்துங்க. காலைல தண்ணிக்கு வரும்." அதைச் சொன்னபோது அவர் மச்சானைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். இன்னும் ஏதோ சொல்ல வந்தவர் போல இருந்தது. எனக்கு நேரமாகிறதே என்ற அவசரம். நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

வாசலிலிருந்து ஆற்றங்கரைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் நாவல், நீர்மருது, நடுநடுவே மூங்கில் புதர். வெயிலே இறங்காது, குழந்தைகளும் நடக்கலாம். நான் மச்சானின் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு போனேன். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக அந்தக் கையில் இரத்தக் குழாயை இணைத்துத் தைத்திருக்கிறார்கள். தொட்டால் உள்ளே மோட்டார் ஓடுகிற மாதிரி கிர்ரென்று அதிரும். வழி முழுக்க அந்த அதிர்வு என் விரலில் இருந்தது.

"இன்னா கீது, சொல்லிகினே வா" என்றார்.

சொன்னேன். வலதுபக்கம் புள்ளிமான் நாலைந்து, ஒன்றுக்குக் கொம்பு பாதி உடைந்திருக்கிறது. பாதையைக் கீரி ஒன்று தாண்டுகிறது. மரத்தடியில் மயில் எச்சம். பிளாஸ்டிக் தட்டு இரண்டு, எவனோ பிரியாணி தின்றுவிட்டுப் போட்டிருக்கிறான். நான் திட்டியதைக் கேட்டு மச்சான் சிரித்தார். என் பயணங்களில் இவ்வளவு கவனமாக நான் எதையும் பார்த்ததில்லை. அவருக்காக ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டியிருந்தது.

ஆற்றோரம் மூங்கில் தட்டியால் மறைப்புக் கட்டி, உட்கார சிமெண்ட் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். தட்டியில் இருக்கும் இடைவெளி வழியாகப் பார்க்க வேண்டும். பாலாறு எப்போதும்போல மணல்தான். ஆனால் கரையை ஒட்டி மழைத்தண்ணீர் குட்டையாக நின்றிருந்தது. கோரைப்புல், நாலு கொக்கு, ஒரு மீன்கொத்தி. அங்கே உட்கார்ந்தோம்.

"மாப்ள, ஒண்ணு கேக்கறேன். கண்ணு கட்டி கீறப்பவே கேட்டுடறேன். மூஞ்சப் பாத்தா எனக்குக் கேக்க வராது."

"கேளுங்க மச்சான்."

"ஸ்டெல்லா குடுக்கறதுல உனக்கு சம்மதம்தானா? அவ தொல்ல தாங்காம கையெழுத்து போட்டியா, இல்ல மனசார போட்டியா? இல்லன்னாலும் சொல்லு. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

"சம்மதம்தான் மச்சான். இதுல என்ன இருக்கு?" என்றேன்.

"சரி" என்றார். என் தொடையில் ஒரு தட்டு தட்டினார். அவர் முகம் தெளிந்துவிட்டது. துண்டுக்குக் கீழே அவர் வாய் லேசாகச் சிரித்ததைப் பார்த்தேன்.

ஏழு மணி வாக்கில் கோரைப்புல் அசைந்தது. கொக்குகள் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தன. நரி வந்தது. எங்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரு பஸ் நீளம்கூட இருக்காது. மங்கிய பழுப்பு, முதுகில் கருப்பு மயிர். நான் மச்சானின் கையை அழுத்தினேன். துண்டை அவிழுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது அது தலையை எங்கள் பக்கம் திருப்பியது.

அதற்குக் கீழ்த்தாடை இல்லை. இருந்த இடத்தில் சதை கிழிந்து தொங்கியது. நாக்கு காய்ந்து கருத்து ஒரு பக்கமாகக் கிடந்தது. ஈக்கள் மொய்த்தன. அது குட்டையில் முகத்தை வைத்துப் பார்த்தது. நக்கிக் குடிக்க முடியவில்லை. மூக்குவரை தண்ணீருக்குள் விட்டு எடுத்தது. உள்ளே போனதெல்லாம் வெளியே ஒழுகியது. மறுபடியும் விட்டது. அதற்கிடையில் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

"இன்னா மாப்ள, வந்துட்டுச்சா?" மச்சானின் கை துண்டின் முடிச்சுக்குப் போய்விட்டது.

"இல்ல மச்சான். நாய்."

"காட்டுக்குள்ள ஏது நாயி?"

"ஊர் நாய்தான். தண்ணி குடிக்க வந்திருக்கு."

முடிச்சிலிருந்து கையை எடுத்துவிட்டார். "குடிக்கட்டும் உடு. குடிக்க முடிஞ்சவங்க குடிக்கட்டும்" என்றார். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று டாக்டர் கட்டளை போட்டிருக்கிற மனிதர் அவர். நான் நரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை எடுக்க முடியவில்லை. நாலைந்து தடவை முயன்று பார்த்துவிட்டு அது புல்லுக்குள் போய்விட்டது.

எட்டு மணிக்கு வெயில் சுள்ளென்று ஏறியது. இனி வராது மச்சான் என்றேன். அவரே துண்டை அவிழ்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு முதலில் என்னைப் பார்த்தார்.

"உன் மூஞ்சிலதான் முழிக்கணும்னு கீது. இன்னா பண்றது?" என்றார். பிறகு குட்டையையும் மணலையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். போகலாம் என்று நான் அவசரப்படுத்தினேன்.

வாசலில் அவரை ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டு கன்னியம்மாவிடம் போனேன். நான் வருவதைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

"பாத்துட்டீங்களா? சொல்லலாம்னுதான் சார் இருந்தேன். அவர் ஆசையா கேட்டாரு. வாய் வரல."

"என்னம்மா ஆச்சு அதுக்கு?"

"அவுட்டுக்காய் சார். காட்டுப்பன்னி கடிக்கட்டும்னு தீனிக்குள்ள வெடிய சுருட்டி வெச்சுட்டுப் போயிடறானுங்க. இது போயி கடிச்சுடுச்சு. மூணு நாளா இப்படியே சுத்திகினு கீது. மேல சொல்லிட்டேன். கால்நடை டாக்டர் வந்தா மயக்க ஊசி போட்டுப் புடிப்பாங்க. இன்னும் வரல."

எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் அந்த அம்மாளிடமே இரண்டு வார்த்தை சத்தமாகப் பேசிவிட்டேன். அவர் சீட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுத்து வந்தவர்களிடம் போனார். பழகிப்போன ஆள் என்று பட்டது.

திரும்பும்போது மச்சான் கடல் பார்க்க வேண்டும் என்றார். ஆட்டோவுக்கு மேற்கொண்டு ஐந்நூறு. திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனோம். சனிக்கிழமைக் கூட்டம், கோயில் பக்கம் நிற்க இடமில்லை. கடற்கரையில் விற்றது எதுவும் அவர் உடம்புக்கு ஆகாது: இளநீர் கூடாது, பழம் கூடாது, வறுத்த மீனில் உப்பு. வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு அலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வழக்கமாக ஓயாமல் கிண்டல் பேசுகிறவர், அன்று பேசவே இல்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை சென்னையில் ஆஸ்பத்திரி. ஸ்டெல்லா, மச்சான், நான். டாக்டர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, நன்றாகப் பொருந்துகிறது, தேதி குறித்துவிடலாம் என்றார். ஸ்டெல்லா அழுதுவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் மச்சான் சொன்னார்.

"எனக்கு வேணாம் டாக்டர்."

டாக்டர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். ஸ்டெல்லா அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். காரணம் கேட்டாள். "வேணாம்னா உடேன்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார். நான் பின்னால் ஓடினேன். மாடிப்படி ஓரம் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் மச்சான்?"

"காட்டுக்குள்ள ஏது நாயின்னு எனக்கு டவுட்டு வந்துச்சு மாப்ள. நீ அந்தப் பக்கமே பாத்துகினு இருந்தியா, துண்ட லேசா தூக்கிப் பாத்தேன். நரி. தாடையே இல்ல."

"நீங்க பார்க்கக் கூடாதேன்னுதான் மச்சான்…" என்றேன்.

"தெரியும். எனக்கோசரம்தான் சொன்ன. கோவம் இல்ல. ரொம்ப நல்லா சொன்ன. கொரல் ஆடவே இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அதுக்குக் கொஞ்சம் முன்னாடி சம்மதம்னு சொன்ன பாரு. அதுவும் அதே கொரல்தான்."

மறுத்துச் சொல்ல நினைத்தேன். என்ன சொன்னாலும் அதே குரலில்தான் வரும் என்று பயமாக இருந்தது. அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் படியிறங்கினார். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு முதலில் வந்தது நிம்மதி. ஸ்டெல்லாவுக்கு ஒன்றும் ஆகாது என்ற நிம்மதி. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நாவல்திட்டில் கடை எதுவும் இல்லை, படாளத்திலேயே நாஸ்தாவும் தண்ணீரும் வாங்கிக்கொள்ளுங்கள். கழிப்பறை வாசலில் மட்டும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம், அதற்குப் பிறகு குட்டை வற்றிவிடும். பாதையை விட்டு இறங்காதீர்கள், குழந்தைகளைப் புதருக்குள் விடவே விடாதீர்கள். கொழுக்கட்டை மாதிரி உருண்டையாக எது கிடந்தாலும் தொடாமல் காவலரிடம் சொல்லுங்கள். அந்த நரியைப் பற்றி மறுவாரம் நுழைவுச்சீட்டில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டுக் கன்னியம்மாவிடம் கேட்டேன். குட்டையோரமே செத்துக் கிடந்ததாம். கால்நடை டாக்டர் வந்ததற்கு முந்தின நாள்.

நான் எழுதுகிற பயணக் கதைகளை ஸ்டெல்லா படிப்பதில்லை. இதை மட்டும் படிக்கட்டும் என்றுதான் முழுசாக எழுதியிருக்கிறேன். வாயால் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. மச்சான் இப்போதும் வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ் போகிறார். அவர் மனசு மாறினால் உடனே தேதி கொடுப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். ஸ்டெல்லா கெஞ்சிப் பார்த்துவிட்டாள், சண்டை போட்டுப் பார்த்துவிட்டாள். அவர் அசையவில்லை. இப்போது தினமும் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் வந்து நிற்கிறாள்.

"உங்களுக்கு மனசில்லன்னு நெனச்சிதான் அண்ணன் வேணாங்குது போல. படாளம் போயி நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க. எனக்கு சம்மதம்னு சொல்லுங்க. நீங்க சொன்னா எங்க அண்ணன் நம்பும்" என்கிறாள்.